கேபிளை வரைவதா, பட்டியலில் எழுதுவதா? வளையும் பாகங்களுக்கு ஐந்து வழிகள்

சென்ற மாதம் பினாங்கின் பெருநிலப் பகுதியிலுள்ள புக்கிட் மின்யாக்கில் ஒரு சிறிய இயந்திரத் தயாரிப்புக் கூடத்தில் வேலை செய்யும் தங்கை ஒருவர் தம் கணினித் திரையைப் படமெடுத்து அனுப்பினார். சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரத்தின் மாடல் அது. நகரும் தலைக்கும் சட்டத்துக்கும் நடுவே நீலமும் கறுப்புமாகக் கேபிள்களும் காற்றுக் குழாய்களும் ஒழுங்காக வளைந்து கிடந்தன. கீழே இப்படி எழுதியிருந்தார்: "அண்ணா, இதை வரைய ஒன்பது நாள் ஆயிற்று. இன்று தலையை 50 மில்லிமீட்டர் தள்ளி வைக்கச் சொன்னார்கள். தள்ளினேன். பாதிக் கேபிள்கள் அந்தரத்தில் நிற்கின்றன, மீதி பிழை காட்டுகின்றன. கேபிளை வரையவே கூடாதா?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. 1972இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியபோது வந்தவை பெரிய மின்னணு ஆலைகள். அவற்றுக்கு இயந்திரம் செய்து கொடுக்கும் சிறு கூடங்கள் பின்னால் தீவிலும் பெருநிலத்திலும் முளைத்தன. இரண்டு மூன்று வரைவாளர்களே இருக்கும் அந்தக் கூடங்களில் இதே குழப்பத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கேட் எனப்படும் கணினி வரைவு மென்பொருள்கள் இறுகிய பாகங்களுக்காகப் பிறந்தவை. ஓர் இரும்புத் தகட்டுக்கு அதன் வடிவமே அடையாளம். ஒரு துளை இடம் மாறினால் அது வேறு பாகம், வேறு எண். கேபிளுக்கு அப்படியில்லை. அது எந்த வகை, எவ்வளவு நீளம், இரு முனையிலும் என்ன கனெக்டர் என்பதுதான் அதன் அடையாளம். எப்படி வளைந்து கிடக்கிறது என்பது அன்றைய நிலை மட்டுமே. மென்பொருளோ இரண்டையும் ஒரே கோப்பில் போட்டுக் கட்டிவிடுகிறது. நம் தொல்லைகள் பெரும்பாலும் அந்த முடிச்சிலிருந்து வருபவை.

நான் இதைக் கற்றது ஒரு பாகப் பட்டியலில். 6 மில்லிமீட்டர் நீலக் காற்றுக் குழாய், இயந்திரத்தில் பதினான்கு இடங்களில் ஓடியது. ஒவ்வோர் இடத்திலும் வடிவம் வேறு என்பதால் பதினான்கு கோப்புகளாக வரைந்திருந்தேன். பதினான்கு கோப்புக்கும் பதினான்கு எண்கள். கொள்முதல் பிரிவில் இருந்த அக்கா பட்டியலை எடுத்துக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தார். "தம்பி, இந்தப் பதினான்கும் ஒரே சுருளிலிருந்து வெட்டுவதுதானே? எதற்காகப் பதினான்கு விலை கேட்கிறீர்கள்?" என்றார். அவர் கேட்டது முழுக்கச் சரி.

## எதை வைத்து முடிவு செய்வது

வழிகளை எடைபோடும் முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, ஒரே பொருள் எத்தனை வடிவத்தில் கிடந்தாலும் பட்டியலில் ஒரே எண்ணில் வருகிறதா? இரண்டாவது, வெட்டு நீளம் நம்பத்தக்கதா? இந்த இரண்டும் தவறினால் பணம் போகும், நாள் போகும். ஆகவே மற்ற எல்லாவற்றையும்விட இவற்றுக்கே நான் எடை கொடுக்கிறேன்.

அடுத்து, பாகம் அசையும்போது மாடல் பின்தொடர்கிறதா, திருத்தம் வரும்போது எவ்வளவு உடைகிறது, கோப்பு எவ்வளவு கனக்கிறது என்பவை வரும். நான்கு பேர் பேசி முடிவு செய்யும்போது பலர் மறப்பது வேறொன்று: இந்தக் கோப்பை அடுத்து யார் கையில் எடுப்பார்? வாடிக்கையாளர் பெரும்பாலும், எந்த கேட் மென்பொருளும் திறக்கக்கூடிய ஸ்டெப் கோப்புதான் கேட்பார். அதில் வடிவம் மட்டுமே போகும். நிலைகளும் வளையும் தன்மையும் போகாது. எவ்வளவு சாமர்த்தியமாக அமைத்திருந்தாலும் அந்தப் பக்கம் போய்ச் சேருவது உறைந்த உருவம்தான்.

அவசரத்தில் இருப்பவர்கள் கீழே உள்ள அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குரிய பகுதிக்குப் போகலாம். அதில் அசெம்பிளி என்பது பாகங்களைப் பொருத்திய முழு மாடல், ஹார்னஸ் என்பது கனெக்டர்களோடு சேர்த்துக் கட்டிய கம்பிக் கட்டு, மாட்யூல் என்பது மென்பொருளில் உள்ள தனிக் கருவி.

| வழி | பட்டியலில் ஒரே எண் | வெட்டு நீளம் | அசைவு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஒரே நிலையில் வரைவது | வடிவத்துக்கு ஒரு கோப்பு என்றால் வராது | அந்த ஒரு நிலைக்கு மட்டும் சரி | இல்லை | ஒவ்வொரு திருத்தத்திலும் மறு வரைவு |
| ஒரு பாகம், சில நிலைகள் | அமைப்பைச் சரியாக வைத்தால் வரும் | கையால் எழுத வேண்டும் | குறித்த நிலைகளில் மட்டும் | நிலைகள் பெருகிக்கொண்டே போகும் |
| அசெம்பிளியோடு வளையும் பாகம் | வரும் | ஏமாற்றும் | உண்டு | இணைப்புகள் அறுபடும் |
| ஹார்னஸ் மாட்யூல் | வரும் | நன்று | ஓரளவு | நூலகம் கட்டும் உழைப்பு |
| பட்டியலில் மட்டும் எழுதுவது | வரும் | அளந்து எழுதினால் நன்று | இல்லை | இடம் போதாமை கடைசியில்தான் தெரியும் |

## நீளம் பொய் சொல்லும் இடம்

எந்த வழியை எடுத்தாலும் இதைப் புரிந்துகொள்ளாமல் பயனில்லை. ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நாம் பொதுவாகக் கேபிளை ஸ்ப்லைன் என்ற, சில புள்ளிகள் வழியே இழையும் வளைவு போட்டு, அதன்மேல் ஒரு வட்டத்தை ஓட்டி வரைகிறோம். முனைகள் இரண்டும் கனெக்டர்களோடு கட்டப்பட்டிருக்கும். முனை நகர்ந்தால் வளைவு மறுபடி கணக்கிடப்படும். நீளத்தைக் காக்க வேண்டும் என்று அந்த வளைவுக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே மாடலில் கேபிள் ரப்பர்போல நீளும், சுருங்கும்.

ஒரு பரிசோதனை இயந்திரத்தின் முன்கதவில் பொருத்திய திரைக்குப் போகும் கேபிளை, கதவு மூடிய நிலையில் வரைந்தேன். மையக்கோடு 610 மில்லிமீட்டர் என்று காட்டியது. அதையே பட்டியலில் எழுதினேன். திரையில் கதவைத் திறந்து பார்த்தபோதும் கேபிள் குறையின்றிப் பின்தொடர்ந்தது. அப்போது அதன் நீளம் 680 ஆகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. கூடத்தில் கதவைத் திறந்த முதல் நாளே கனெக்டர் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. தாமிரம் 70 மில்லிமீட்டர் நீளாது. ஹார்னஸ் செய்து கொடுப்பவர் பெருநிலத்தில் இருந்தார். மறுபடி செய்து பாலம் கடந்து வந்து சேர மூன்று நாள் ஆயிற்று.

அதிலிருந்து என் வழக்கம் இது. அசையும் இடத்தில் போகும் கேபிளுக்கு எல்லா நிலைகளிலும் பாதையை அளந்து, மிக நீண்ட நிலையை எடுக்கிறேன். பிறகு மிகக் குறுகிய நிலைக்குப் போய், மிஞ்சும் தளர்வு எங்கே போய் ஒதுங்கும், எதில் உரசும் என்று பார்க்கிறேன். உரித்து முனை கட்டுவதற்கான நீளத்தைச் சேர்த்து, மேல்நோக்கி முழு எண்ணாக்கி எழுதுகிறேன்.

தொங்கும் கேபிளுக்கு மென்பொருள்கூடத் தேவையில்லை. ஒரே மட்டத்திலுள்ள இரு முனைகளுக்கு இடைத்தூரம் 400, நடுத் தொய்வு 60 என்றால், தொய்வின் வர்க்கத்தை எட்டால் பெருக்கி, இடைத்தூரத்தின் மும்மடங்கால் வகுக்க வேண்டும். 24 வரும். மொத்த நீளம் சுமார் 424. தொய்வு குறைவாக இருக்கும்வரை இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும்.

கேபிள் சங்கிலிக்குள், அதாவது நகரும் கேபிள்களை உள்ளே ஏந்தி வளையும் கண்ணித் தொடருக்குள், போவது இன்னும் எளிது. நிலையான முனையை ஓட்டத்தின், அதாவது தலை நகரும் மொத்தத் தூரத்தின், நடுவில் வைத்தால், சங்கிலியின் நீளம் என்பது ஓட்டத்தில் பாதியோடு அரைவட்ட வளைவைச் சேர்த்தது. 800 ஓட்டம், 75 வளைவு ஆரம் என்றால் 400 உடன் சுமார் 236. இதன்மேல் தயாரிப்பாளர் சொல்லும் கூடுதல் கண்ணிகள் வரும். தலை எங்கே நின்றாலும் இந்த நீளம் மாறாது. ஆகவே சங்கிலியை நேர்கோடும் வட்டவில்லும் கொண்ட ஸ்கெட்சாகவே வரையுங்கள். நீளம் உடனே தெரியும், ஆரமும் தெரியும். சாலிட்வொர்க்ஸ் என்ற கேட் மென்பொருளில் இப்படிப்பட்ட பாதைக்கு மொத்த நீளத்தையே ஓர் அளவாகப் பூட்டி வைக்கலாம். ஸ்ப்லைனில் ஆரம் எந்த இடத்தில் ஒடுங்குகிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். அசையும் கேபிளுக்கு வெளிவிட்டத்தின் பத்து மடங்கு என்ற அளவில் ஆரம் வைப்பது பொது வழக்கம். 8 மில்லிமீட்டர் கேபிளுக்கு அது 80. இறுதி எண்ணைத் தயாரிப்பாளரின் தாளிலிருந்தே எடுங்கள்.

ஹைட்ராலிக் ஹோஸ் இன்னொரு படி மேலே. அழுத்தம் ஏறும்போது அதன் நீளமே மாறும். எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் தரத்து ஹோஸ்களுக்கு 2 விழுக்காடு நீள்வதும் 4 விழுக்காடு சுருங்குவதும் ஏற்கப்பட்ட எல்லை. ஒரு மீட்டர் ஹோஸ் 40 மில்லிமீட்டர் சுருங்கலாம். திரையில் இழுத்துக் கட்டிய நேர்கோடாக நிற்கும் ஹோஸ், கூடத்தில் தன் இணைப்பையே பிய்க்கும்.

## ஒரே நிலையில் வரைந்து வைப்பது

எல்லோரும் தொடங்குவது இங்கேதான். அசையாத இடத்துக்கு, திருத்தம் வராது என்று உறுதியான பிறகு, இதில் ஒரு குறையும் இல்லை. முனைகள் அழுத்திக் கட்டப்பட்டு முழுப் பொருளாக வாங்கப்படும் ஹோஸுக்கு இதுதான் நேர்வழி. அது ஒரு பொருள், ஓர் எண், ஒரு நீளம்.

வடிவமைப்பு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போதே இப்படி வரையத் தொடங்குவதுதான் தவறு. அந்தத் தங்கையின் ஒன்பது நாள் அப்படிப் போனவை.

## ஒரு பாகம், சில நிலைகள்

ஸ்பிரிங்குக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. சுமையில்லாத உயரம் 40, பொருத்திய உயரம் 32, முழு அழுத்தத்தில் 25 என்று மூன்று நிலைகள் போதும். சுற்று எண்ணிக்கையை மாறாமல் வைத்து உயரத்தை மட்டும் மாற்றுங்கள். அழுத்தும்போது ஸ்பிரிங்கின் விட்டம் சற்றே பெருகும் என்பதையும் நினைவில் வையுங்கள். இறுக்கமான துளைக்குள் போகும் ஸ்பிரிங் அங்கேதான் உரசுகிறது.

மறைந்திருக்கும் செலவு பட்டியலில்தான். சாலிட்வொர்க்ஸில் ஒவ்வொரு நிலைக்கும், அங்கே கான்ஃபிகரேஷன் என்பார்கள், பட்டியலில் எந்த எண் காட்டப்பட வேண்டும் என்ற அமைப்பு தனியாக இருக்கிறது. அதைக் கான்ஃபிகரேஷன் பெயருக்கு விட்டுவிட்டால் ஒரே ஸ்பிரிங் மூன்று வரிகளாக வரும். கோப்பின் பெயரைக் காட்டும்படி, அல்லது நீங்கள் தட்டிய எண்ணைக் காட்டும்படி மாற்றிவிட்டு, எல்லா நிலைகளையும் ஒரே வரியாகச் சேர்க்கும் தெரிவையும் பட்டியலில் போடுங்கள். இன்வென்டர் என்ற இன்னொரு மென்பொருளில் ஒரே எண் கொண்ட வரிகளை ஒன்றாக்கும் அமைப்பு உண்டு. எண்ணில் ஓர் இடைவெளி தவறினாலும் அது சேராது.

கேபிளுக்கும் இதைச் செய்யலாம், கதவு மூடியது, திறந்தது என்று இரண்டு நிலைகளோடு நிறுத்திக்கொண்டால். ஐந்தாவது நிலை தேவைப்படும்போது வழியை மாற்றிவிட வேண்டும்.

## அசெம்பிளியோடு வளையும் பாகம்

விளம்பரக் காணொளியில் மயக்குவது இதுதான். சாலிட்வொர்க்ஸ் 2020இல் பாகத்தை நெகிழச் செய்யும் வசதியைச் சேர்த்தது. ஒரே பாகம் ஒரே அசெம்பிளியில் வெவ்வேறு வடிவத்தில் நிற்கும், பட்டியலில் ஒரே எண்ணாக எண்ணப்படும். கிரியோ மென்பொருளில் இதே எண்ணம் பல ஆண்டுகளாக இருக்கிறது: மாறக்கூடிய அளவுகளை முன்பே குறித்துவிட்டால், பொருத்தும் இடத்தில் மதிப்பைக் கொடுத்துவிடலாம். சாலிட் எட்ஜிலும் என்எக்ஸிலும் இதற்கு நிகரானவை உண்டு. இன்வென்டர் பயன்படுத்துபவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். அங்கே அசெம்பிளிக்கேற்ப மாறும் பாகம் ஓர் இடத்தில் வடிவம் மாறினால் எல்லா இடத்திலும் மாறும். நெகிழும் துணை அசெம்பிளி என்ற வசதி வேறு. காற்று உருளையின் தண்டு ஓரிடத்தில் நீண்டும் மற்றோரிடத்தில் உள்ளேயும் நிற்க அது உதவும், கேபிள் வளைய உதவாது.

பட்டியல் என்ற அளவுகோலில் இந்த வழி நன்றாகத் தேறுகிறது. நீளத்தில் தோற்கிறது, மேலே சொன்ன ரப்பர் காரணத்தால். இன்னொரு செலவு மெல்லத்தான் தெரியும். பாகம் தன் வடிவத்தை அண்டைப் பாகங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. பழைய திட்டத்தை நகலெடுத்துப் புதியது தொடங்கும் நாளில், ஒரு கோப்பின் பெயரை மாற்றினால் போதும், முப்பது இணைப்புகள் அறுந்து நிற்கும். அவற்றைக் கட்டியவர் வேறு வேலைக்குப் போயிருந்தால், அடுத்து வருபவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக வரைவார். இதை நான் இரண்டு கூடங்களில் பார்த்திருக்கிறேன்.

எங்கே இது தகும்? அசைவைக் காட்டியே தீர வேண்டிய இரண்டு மூன்று பாகங்களுக்கு. நகரும் தலையில் உள்ள துருத்தி, அழுத்தும் ஸ்பிரிங், ஒரு கேபிள் சங்கிலி. இருபது கேபிளுக்கு வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

## ஹார்னஸ் மாட்யூல்

சாலிட்வொர்க்ஸ் பிரீமியத்தில் ரூட்டிங், இன்வென்டர் புரொஃபெஷனலில் கேபிள் ஹார்னஸ், கிரியோவில் கேபிளிங் என்று ஒவ்வொன்றிலும் தனிக் கருவி உண்டு. எந்தக் கனெக்டரின் எந்த முள்ளிலிருந்து எங்கே என்ற கம்பிப் பட்டியலைக் கொடுத்தால், பாதை வழியாக ஒவ்வொரு கம்பியும் ஓடும். நீளம் தானே கணக்கிடப்படும், கூடுதலும் சேர்க்கலாம். குறைந்தபட்ச ஆரம் மீறினால் எச்சரிக்கும். கடைசியில் ஹார்னஸைத் தட்டையாக விரித்து ஆணிப் பலகைக்கான டிராயிங்கைத் தரும். ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்சிட்டுப் பலகையில் ஒட்டினால், கட்டுபவருக்கு மொழியே தேவையில்லை. தமிழும் மலாயும் ஹொக்கியனும் வங்காளமும் ஒன்றாகப் புழங்கும் நம் கூடங்களில் அந்தத் தாளின் மதிப்பு பெரிது.

ஆனால் ஒவ்வொரு கனெக்டருக்கும் முள் புள்ளிகளோடு ஒரு நூலகக் கோப்பு வேண்டும். ஒவ்வொரு கேபிளுக்கும் விட்டம், ஆரம், நிறம் நிரப்பிய பதிவு வேண்டும். மின்பிரிவு கம்பிப் பட்டியலை முன்கூட்டியே, ஒழுங்கான வடிவில் தர வேண்டும். உண்மையில் கூடத்தின் வேலை வரிசையையே மாற்றச் சொல்கிறது இந்தக் கருவி. ஒரே இயந்திரத்தைப் பத்துப் பதினைந்து முறை கட்டுகிறவர்களுக்கும், ஹார்னஸை வெளியே கொடுத்து வாங்குபவர்களுக்கும் அந்த உழைப்பு திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் புது இயந்திரம், வரைவாளர் மூவர், மின்பிரிவில் ஒருவர் என்ற நிலையில் இதில் இறங்குவது அகலக்கால்தான்.

## வரையாமல் பட்டியலில் எழுதுவது

இன்வென்டரில் உருவமில்லாத பாகத்தை அசெம்பிளியில் சேர்க்கலாம். கிரியோவில் பசை, கிரீஸ் போன்றவற்றுக்கு இருக்கும் வகையும் இதற்கு உதவும். சாலிட்வொர்க்ஸில் வெற்றுப் பாகம் ஒன்றைப் போட்டு, அதன் நீளப் பண்பை எண்ணிக்கைப் பத்தியோடு இணைத்துவிடலாம். கட்டணமில்லாத ஃப்ரீகேடில், 2024இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து அசெம்பிளிப் பகுதி உள்ளேயே இருக்கிறது. அங்கே ஸ்கெட்ச் வளைவின் நீளத்தை அதன் விரிதாளுக்குக் கொண்டுவந்து பட்டியலாக்கலாம்.

அலகில் கவனம் தேவை. 0.85 மீட்டர் என்பது முழு எண்ணாகி 1 என்று அச்சானால், அது ஒரு மீட்டரா, ஒரு துண்டா, ஒரு சுருளா என்று கொள்முதலில் இருப்பவர் எப்படி அறிவார்? சுருளிலிருந்து வெட்டுவதை மில்லிமீட்டரில் எழுதுங்கள், முழுப் பொருளாக வாங்குவதை எண்ணிக்கையில் எழுதுங்கள். இரண்டையும் ஒரே பத்தியில் கலக்க வேண்டாம்.

இந்த வழியின் ஆபத்து, இடம். வரையாத கேபிளுக்கு யாரும் இடம் ஒதுக்க மாட்டார்கள். கட்டும் நாளில்தான் 30 மில்லிமீட்டர் கேபிள் கட்டு போக வேண்டிய சந்தில் 20 மட்டும் இருப்பது தெரியும். ஆகவே நான் இதைத் தனியாகப் பரிந்துரைப்பதில்லை, ஒரு துணையோடுதான் பரிந்துரைக்கிறேன். கேபிள் கட்டு போகும் பாதையை ஒரு தடித்த, ஒளி ஊடுருவும் குழாயாக, கோடும் வில்லும் கொண்டு வரைந்து, பட்டியலில் சேராதபடி குறித்துவிடுங்கள். இன்வென்டரில் அதைக் குறிப்புப் பாகம் என்று வைக்கலாம், மற்றவற்றில் பட்டியலிலிருந்து விலக்கலாம். இப்போது பொருள் ஒரு கோப்பில், உருவம் இன்னொரு கோப்பில். தலை 50 மில்லிமீட்டர் நகர்ந்தால் குழாய் மட்டும் மாறும், பட்டியலில் எந்த எண்ணும் அசையாது. இரண்டுக்கும் ஒரே எண்ணில் தொடங்கும் பெயரை வையுங்கள், கே-12 என்றும் கே-12-பாதை என்றும். இல்லையேல் யாராவது ஒன்றை அழித்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள்.

விடுபட்ட இரண்டு வளையும் பாகங்களையும் சொல்லிவிடுகிறேன். கசிவைத் தடுக்கும் ரப்பர் ஓ-வளையத்தை அழுத்தாத வடிவிலேயே விட்டு, மோதல் சோதனையில் அதை விலக்கிவிடுங்கள். தட்டை ரிப்பன் கேபிளைத் தகட்டு வேலைக் கருவியில், மடிக்கும்போது நீளம் மாறாத நடுத்தளம் பாதித் தடிப்பில் இருக்கும்படி வைத்து மடியுங்கள். எத்தனை மடிப்பு போட்டாலும் விரித்த நீளம் மாறாமல் நிற்கும்.

## புக்கிட் மின்யாக் இயந்திரத்துக்கு

அந்தத் தங்கைக்கு நான் எழுதிய பதில் இப்படிப் போயிற்று. முப்பத்தெட்டுக் கேபிள்களில் முப்பத்து மூன்று அசையாதவை. அவற்றின் உருவத்தை நீக்கிவிடுங்கள், எண்ணும் நீளமும் பட்டியலில் இருக்கட்டும், மூன்று பெரிய பாதைகளைக் குழாயாக வரையுங்கள். தலைக்குப் போகும் நான்கும் ஒரே சங்கிலிக்குள் போகட்டும். அந்தச் சங்கிலியை மட்டும் நெகிழும் பாகமாக, நீளத்தைப் பூட்டி வரையுங்கள். மூடிக்குப் போகும் ஒரே ஒரு கேபிளுக்கு இரண்டு நிலைகள் போதும், நீளம் திறந்த நிலையிலிருந்து.

இரண்டு நாளில் முடித்துவிட்டதாகச் சொன்னார். முதல் இயந்திரம் அடுத்த வாரம் கட்டப்படுகிறது. வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு பாதையிலும் ஒரு கயிற்றை ஓட்டி அளந்து, பட்டியலில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் அந்த அளவையும் பென்சிலால் எழுதச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது இயந்திரத்துக்கான பட்டியலை அந்தத் தாளிலிருந்துதான் அவர் திருத்தப் போகிறார்.